முந்தானையா, முக்காடா? நீதிமன்றங்கள் படித்த குர்ஆன்

இஸ்லாமியப் பெண்கள் தலையை மறைப்பதற்கு மார்க்க ஆதாரம் இருக்கிறதா இல்லையா? 2022-ல் கர்நாடக உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. "குர்ஆன்லயே இருக்கு" என்று ஒரு பக்கம், "எங்கயுமே இல்ல" என்று இன்னொரு பக்கம். ரெண்டு பேருமே மூல நூலைத் திறந்து பார்த்த மாதிரி தெரியவில்லை. அதனால் இந்தக் குறிப்பில் இரண்டு வேலை செய்யப் போகிறேன். மூல நூல்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்பது ஒன்று. அவற்றை நம் நீதிமன்றங்கள் எப்படிப் படித்தன என்று பார்ப்பது இன்னொன்று.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஸ்ரீரங்கத்துக்காரன், தொழில் மென்பொருள், அரபு தெரியாது. மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என் முறை.

முதலில் ஒரு சொல் விளக்கம். 'ஹிஜாப்' என்ற சொல் குர்ஆனில் 7 இடங்களில் வருகிறது. ஓர் இடத்தில்கூட அதற்குத் தலைத்துணி என்று பொருள் இல்லை. திரை, தடுப்பு என்றுதான் பொருள். 33:53-ல், நபியின் மனைவியரிடம் ஏதாவது கேட்பதானால் திரைக்கு அப்பால் நின்று கேளுங்கள் என்று வருவதும் வீட்டுத் திரையைப் பற்றியதே. பெண்களின் உடையைப் பற்றிப் பேசும் முக்கியமான வசனங்கள் இரண்டு. 24:31-ல் 'கிமார்' (பன்மையில் 'குமுர்') என்ற சொல், 33:59-ல் 'ஜில்பாப்' என்ற சொல்.

24:31-ன் சாரம் இது: பெண்கள் பார்வையைத் தாழ்த்த வேண்டும், கற்பைக் காக்க வேண்டும், தானாகத் தெரிவதைத் தவிர அலங்காரத்தைக் காட்டக் கூடாது, தங்கள் குமுரை மார்பின் மேல் போட்டுக்கொள்ள வேண்டும். இந்த வசனத்தில் தலை என்ற சொல்லும் இல்லை, முடி என்ற சொல்லும் இல்லை. மறைக்கச் சொல்லிப் பெயர் குறிப்பிட்ட இடம் மார்புதான்.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. ஜான் டிரஸ்ட் வெளியிட்ட தமிழாக்கத்தில் கிமார் 'முன்றானை' ஆகிறது. பி. ஜைனுல் ஆபிதீன் தமிழாக்கத்தில் அதே சொல் 'முக்காடு' ஆகிறது. முந்தானை என்றால் சேலையின் தலைப்பு. அது இயல்பிலேயே மார்பின் மேல்தான் கிடக்கிறது, தலை பேச்சிலேயே வராது. முக்காடு என்றால் தலை ஏற்கெனவே மூடியாகிவிட்டது. ஒரே அரபுச் சொல்தான். ஆனால் முதல் புத்தகத்தை மட்டும் படித்தவரும் இரண்டாவதை மட்டும் படித்தவரும் இரண்டு வேறு கட்டளைகளைப் படித்திருப்பார்கள். சேலை கட்டும் ஊரில் பிறந்த மொழிபெயர்ப்பு சேலையை உள்ளே கொண்டுவந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, கிமார் உண்மையில் என்ன? பழைய உரையாசிரியர்களும் அகராதிக்காரர்களும் அதைத் தலையை மூடும் துணி என்றே சொல்கிறார்கள். அன்றைய அரபுப் பெண்கள் அதைத் தலையில் போட்டு முதுகுப் பக்கம் தொங்கவிட்டார்கள், கழுத்தும் மார்பும் திறந்திருந்தன, அதை முன்னால் கொண்டுவரச் சொன்னதே வசனம் என்பது மரபான விளக்கம். 'தலை என்ற சொல் எங்கே' என்று கேட்பவர்களுக்கு மரபின் பதில் இது: தலைத்துணியால் மார்பையும் மூடு என்றால் தலை மூடியிருப்பது அதிலேயே அடங்கிவிட்டது.

எதிர்த்தரப்பு வாதத்தையும் லேசாக ஒதுக்க முடியாது. பெரியவர் வரும்போது "வேட்டியை இறக்கி விடுடா" என்று அதட்டுகிறோம். கட்டளை இறக்கி விடுவதைப் பற்றியது. வேட்டிதான் கட்ட வேண்டும், பேண்ட் போடக் கூடாது என்ற கட்டளை அதில் இருக்கிறதா? ஆள் வேட்டி கட்டியிருந்தான், அதனால் வேட்டி என்றோம். அதுபோல, அன்று கையில் இருந்த துணியைக் குர்ஆன் பெயர் சொன்னது, அந்தத் துணியையே கடமையாக்கவில்லை என்று இவர்கள் வாதிடுகிறார்கள். வசனத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு வாசிப்புக்கும் இடம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் மரபு வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கவில்லை. ஹதீஸ் இருக்கிறது. அஸ்மா மெல்லிய ஆடையில் வந்தபோது, பருவமடைந்த பெண்ணுக்கு முகமும் கைகளும் தவிர மற்றவை தெரியக் கூடாது என்று நபி சொன்னதாக அபூ தாவூத் தொகுப்பில் வருகிறது. மேடைகளில் அதிகம் கேட்கும் ஆதாரம் இதுதான். அதைப் பதிவு செய்த அபூ தாவூதே அங்கேயே ஒரு குறிப்பும் எழுதிவைத்திருக்கிறார்: அறிவிப்பாளர் காலித் பின் துரைக் ஆயிஷாவைச் சந்தித்ததில்லை, சங்கிலி அறுந்திருக்கிறது என்று. மேடையில் ஹதீஸைச் சொல்பவர்கள் அந்தக் குறிப்பைச் சொல்வதை நான் அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறேன். வேறு அறிவிப்புகளின் துணையோடு இதை ஏற்ற அல்பானி போன்றவர்களும் உண்டு. இதைவிட வலுவானது புகாரியில் உள்ள ஆயிஷாவின் அறிவிப்பு. வசனம் இறங்கியதும் பெண்கள் தங்கள் கீழாடைத் துணியைக் கிழித்து மறைத்துக்கொண்டார்கள் என்கிறது அது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைப் பலர் பேசுவதில்லை. பழைய சட்ட நூல்களில் அடிமைப் பெண் தலையை மூட வேண்டியதில்லை. முக்காடு போட்ட ஓர் அடிமைப் பெண்ணைக் கலீஃபா உமர் கண்டித்ததாகவே அறிவிப்புகள் இருக்கின்றன. 33:59 காரணத்தையும் சொல்கிறது: அவர்கள் அடையாளம் தெரிந்து, தொல்லைக்கு ஆளாகாமல் இருக்க. அப்படியானால் இந்த உடை விதியில் அன்றைய சமூக அந்தஸ்து ஒரு பங்கு வகித்தது. வெறும் முடியின் கவர்ச்சி மட்டும் காரணம் என்றால், அடிமைப் பெண்ணின் முடிக்கு மட்டும் ஏன் விலக்கு? அடிமை முறை போய்விட்ட காலத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விதியை மட்டும் எடுத்துவைப்பது, என் தொழில் பாஷையில் சொன்னால், பழைய நிரலின் பாதியை மட்டும் நகலெடுப்பது.

இருந்தாலும் நான்கு மத்ஹபுகளும் சுதந்திரமான பெண் தலையை மறைப்பது கடமை என்றே சொல்லியிருக்கின்றன. வேறுபாடு முகத்திலும் பாதத்திலும்தான். ஆக என் கணக்கு இது: குர்ஆன் வசனம் நேரடியாகச் சொல்வது மார்பை, தலை அதில் உட்கிடை. சட்ட மரபில் தலை தெளிவான கடமை. "குர்ஆன்லயே முடின்னு இருக்கு" என்பதும் தவறு, "இஸ்லாத்துல ஆதாரமே இல்ல" என்பதும் தவறு.

இப்போது நீதிமன்றங்களுக்கு வருவோம். இந்தக் கதையின் வேர் நம்ம பழைய மெட்ராஸ் மாகாணத்தில் இருக்கிறது. 1951-ன் சென்னை இந்து அறநிலையச் சட்டத்தை எதிர்த்து உடுப்பியின் சீரூர் மடம் போட்ட வழக்கில், 1954-ல் உச்ச நீதிமன்றம் ஒரு மதத்தின் அத்தியாவசியப் பகுதி எது என்பதை அந்த மதத்தின் கோட்பாடுகளை வைத்தே தீர்மானிக்க வேண்டும் என்றது. மதத்துக்கு இடம் கொடுக்கவே சொன்னார்கள். ஆனால் கோட்பாட்டைப் படித்துத் தீர்மானிக்கும் வேலை நீதிபதி தலையில் விழுந்தது.

2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் அஜ்மல் கான் வழக்கை விசாரித்தது. வாக்காளர் பட்டியலில் முஸ்லிம் பெண்களின் புகைப்படம் கூடாது என்பது கோரிக்கை. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பர்தா அத்தியாவசியமல்ல, ஆனால் தலையை மறைப்பது கடமை என்பதில் அறிஞர்கள் ஏறக்குறைய ஒருமித்திருக்கிறார்கள் என்ற பொருளில் எழுதியது. கேரள உயர் நீதிமன்றம் 2016-ல் ஆம்னா பின்த் பஷீர் வழக்கில் அதை எடுத்துக்காட்டி, நுழைவுத் தேர்வுக்குத் தலைத்துணியோடு வர மாணவியை அனுமதித்தது. அதே நீதிபதி 2018-ல் வேறொரு வழக்கில், நிறுவனத்தின் உரிமையே பெரியது என்று பள்ளி பக்கம் தீர்ப்பளித்தார்.

2022 மார்ச் 15 அன்று கர்நாடக உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், ஹிஜாப் அத்தியாவசிய மத வழக்கமல்ல என்றார்கள். அவர்கள் பெரிதும் சார்ந்தது அப்துல்லா யூசுப் அலியின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அதன் அடிக்குறிப்புகளையும். உச்ச நீதிமன்றம் முத்தலாக் வழக்கில் பயன்படுத்திய நூல் அது என்பது ஒரு காரணம். யூசுப் அலி ஐசிஎஸ் அதிகாரியாக இருந்தவர். நல்ல மொழிபெயர்ப்பாளர். ஆனால் ஆயிரம் வருடத்துக்கும் மேலான சட்ட விவாதத்தை ஒரே ஒருவரின் அடிக்குறிப்புக்குள் அடக்குவது என்ன முறை?

அதைவிட எனக்கு இடிப்பது இன்னொரு வாதம். உடை விதியை மீறினால் குர்ஆன் தண்டனை சொல்லவில்லை, ஆகவே இது பரிந்துரை மட்டுமே, கட்டாயமல்ல என்கிறது தீர்ப்பு. இதே அளவுகோலைத் தொழுகைக்கு வைத்துப் பாருங்கள். தொழாதவருக்கு இந்த உலகில் இன்ன தண்டனை என்று குர்ஆன் விதிக்கவில்லை. அப்போ தொழுகையும் பரிந்துரையா? எந்த முஸ்லிமும் ஒப்புக்கொள்ள மாட்டார். விடை தப்பு என்று நான் சொல்லவில்லை, போட்ட வழி தப்பு என்கிறேன்.

மேல்முறையீட்டில் 2022 அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் பிளவுத் தீர்ப்பு வந்தது. நீதிபதி ஹேமந்த் குப்தா தடையை ஏற்றார். நீதிபதி சுதான்ஷு தூலியா, அத்தியாவசியமா என்ற கேள்விக்குள் போகவே வேண்டியதில்லை, இது பெண்ணின் தேர்வு, அவளுடைய படிப்பு பாழாகக் கூடாது என்றார். அவர் துணைக்கு எடுத்தது 1986-ன் பிஜோ இம்மானுவேல் தீர்ப்பு. தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும் பாடாத யெகோவாவின் சாட்சிகள் சபைக் குழந்தைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்றது அது. நம்பிக்கை உண்மையானதா என்று பார்த்தார்களே தவிர, வேதத்தில் சரியாக எந்த இடம் என்று பரீட்சை வைக்கவில்லை. எனக்கு இந்த வழிதான் நேர்மையாகப் படுகிறது.

எங்க ஊர்க் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்குச் சந்நிதி உண்டு. சிலை கிடையாது, சுவரில் ஓவியம். பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்கிறார்கள், கைலி சாத்துகிறார்கள். டெல்லி சுல்தான் மகள் கதை கோயிலொழுகில் இருக்கிறது. நாளைக்கு ஒரு நீதிபதி, 'ரொட்டி வைணவத்துக்கு அத்தியாவசியமா, ஆகம வாக்கியம் காட்டு' என்றால் பட்டர்கள் என்ன செய்வார்கள்? வாக்கியம் காட்ட முடிந்தாலும் முடியாவிட்டாலும் அந்த ரொட்டி அங்கே உண்மை. பழக்கத்தின் உயிர் புத்தகத்தில் மட்டும் இருப்பதில்லை.

தமிழ் முஸ்லிம்களின் துணியே இதற்குச் சாட்சி. காயல்பட்டினம் மாதிரி ஊர்களில் வெள்ளைத் துப்பட்டி. என் பள்ளிப் பருவத்தில் பாலக்கரை, பீமநகர் பக்கம் பாட்டிமார்கள் சேலைத் தலைப்பையே தலைக்கு இழுத்துக்கொள்வார்கள். கறுப்பு அங்கி பரவலானது வளைகுடா வேலைக்கு ஆட்கள் போகத் தொடங்கிய பிறகு. வசனம் அதேதான், துணி மாறிக்கொண்டே இருக்கிறது.

இத்தோடு நிறுத்தினால் பாதிக் கட்டுரைதான். ஏனென்றால் 'பெண்ணின் தேர்வு' என்பதும் எளிதான சொல் இல்லை. எங்கள் திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியிலிருந்து எழுத வந்தவர் சல்மா. பருவமடைந்ததோடு அவருக்குப் பள்ளிக்கூடம் நின்றுபோனது. வீட்டுக்குள் இருந்து ரகசியமாகக் கவிதை எழுதி, பிறகு பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவராகி வெளியே வந்தார். அவருடைய நாவல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) அந்த வீடுகளின் உள்பக்கத்தைக் காட்டியது. வீட்டுக்குள் யாரும் மத்ஹபு, அறிவிப்பாளர் சங்கிலி என்று ஆராய்வதில்லை. "நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்பதே அங்கே ஆதாரம். எங்கள் அக்கிரகாரத்தில் கணவனை இழந்த பெண்ணுக்குத் தலையை மழித்து முக்காடு போட்டபோதும் அதே ஆதாரம்தான். அந்த வழக்கம் அழிந்தது நீதிபதி சாஸ்திரம் படித்ததால் இல்லை. சீர்திருத்தக்காரர்கள் பேசினார்கள், பெண்கள் படித்தார்கள், வீடு மாறியது.

2022 பிப்ரவரி 19, உள்ளாட்சித் தேர்தல் அன்று மேலூரில், ஹிஜாப் அணிந்து ஓட்டுப்போட வந்த பெண்ணைப் பார்த்து பாஜக முகவர் ஆட்சேபம் செய்தார். திமுக, அதிமுக முகவர்கள் இருவருமே எதிர்த்தார்கள், போலீஸ் அவரை வெளியே அனுப்பியது, ஓட்டுப்பதிவு தொடர்ந்தது. அங்கே யாரும் 24:31-ஐத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை.

வசனத்துக்குப் பொருள் சொல்வது முஸ்லிம்களின் வேலை. அதில் பெண்களும் உட்கார்ந்து பேச வேண்டும், அடிமைப் பெண் விலக்கு மாதிரியான சங்கடமான கேள்விகளும் வர வேண்டும். அரசும் நீதிமன்றமும் பார்க்க வேண்டியது அந்தப் பெண் வகுப்பறைக்குள் இருக்கிறாளா, வெளியே இருக்கிறாளா என்பதைத்தான். துணியைக் காட்டிப் பள்ளி வாசலில் தடுத்தாலும் சரி, துணியைக் காட்டி வீட்டு வாசலைச் சாத்தினாலும் சரி, பாடத்தை இழப்பது அவள்தான். உச்ச நீதிமன்றத்தின் கூடுதல் நீதிபதிகள் அமர்வு இந்த வழக்கை எடுக்கும்போது, எந்த மொழிபெயர்ப்பு என்று தேடுவதற்கு முன்னால் அதைப் பார்க்கட்டும்.