தலைமக்களும் தொல்படையும்: படைமாட்சி உரைபற்றிய ஓர் ஆய்வு

திருக்குறட் படைமாட்சி அதிகாரத்திற்குப் பரிமேலழகர் வகுத்த உரையுள் மாணாக்கர் நெஞ்சில் நிலைத்து நிற்பது ஒரு பட்டியலேயாகும். மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை எனப் படை அறுவகைப்படும் என்பதும், அவற்றுள் மூலப்படையே சிறந்தது என்பதும் அதன் சாரம். தேர்வில் இவ்வாறனையும் எழுதாதார் அரியர். அதிகாரத்தின் இறுதிக் குறளை ஆராய்ந்து எழுதுவாரும் அரியர். இந்நிலைக்கு உரையும் ஒரு காரணம் என்பது எம் கருத்து.

மூலத்தில் இவ்வறுவகை இல்லை. தொல்படை என்னும் சொல்லை 762ஆம் குறளில் வள்ளுவர் ஆண்டுள்ளார். அதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு உரையாசிரியர் ஆறனையும் நிரல்படுத்தினார். கௌடலியரின் அருத்தசாத்திரம் ஒன்பதாம் அதிகரணத்தில் மௌலம் முதலாக அறுவகைப் படை கூறி, முன்னது பின்னதினும் சிறந்தது என்கின்றது. அங்கே சிரேணி நின்ற இடத்தில் நம் உரையாசிரியர் நாட்டுப்படையை வைத்தார். அங்கே இறுதியில் நின்ற காட்டுப்படையைத் துணைப்படைக்கு முன்னர் ஏற்றினார். வடநூன் மரபைத் தமிழ்நிலத்திற்கு ஏற்ப மாற்றினார் போலும். இதனை யாம் குற்றமாகக் கருதவில்லை. ஒரு படை எங்கிருந்து வந்தது என்பதனை வினவும் இப்பாகுபாடு, அது யார் ஏவலில் நிற்கின்றது என்பதனை வினவாதொழிந்தமையே ஈண்டு ஆராயற்பாலது.

இலக்கியக் கோட்பாட்டை வரலாற்றோடு வைத்து நோக்குதல் தகும். தென்காசிப் பகுதியில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டியுள்ள அச்சன்புதூர்க்கு அண்மையில் வடகரை உள்ளது. இது சொக்கம்பட்டியோடு சேர்த்துப் பேசப்படும் பழைய பாளையம். சிவகிரி, சேற்றூர், ஊற்றுமலை, நெற்கட்டுஞ்செவல் முதலியன போல மறவர் ஆண்ட மேலைப் பாளையங்களுள் ஒன்று. இப்பாளையங்களின் வீரர், தம் பாளையக்காரர் அளித்த நிலத்தை உண்டு வழிவழியாகப் போர்த்தொழில் செய்தோர். ஆதலின் பாளையக்காரரை நோக்க இது மூலப்படை. மதுரை நாயக்கரை நோக்க இதுவே நாட்டுப்படை அல்லது துணைப்படை. பின்னர் வரி தண்ட வந்த ஆர்க்காட்டு நவாபை நோக்க இது பகைப்படை. வீரர் அவரே, படைக்கலம் அதுவே. பெயர் மட்டும் மூன்று. மூலம் என்பது படையின் இயல்பைக் குறிக்கும் சொல்லன்று, ஏவுவானுக்கும் ஏவப்படுவானுக்கும் உள்ள உறவைக் குறிக்கும் சொல் என்பது இதனாற் பெறப்படும்.

விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் 16ஆம் நூற்றாண்டில் 72 பாளையங்கள் வகுத்தனர் என்பதும், மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களும் பாளையத்திற்கு ஒன்றாகக் காவலுக்கு விடப்பட்டன என்பதும் மரபுவழிச் செய்திகள். எண் எவ்வாறாயினும், அமைப்பின் உட்கிடை தெளிவு. கொத்தளங்கள் பல, கோட்டை ஒன்று. 1736இல் நாயக்கராட்சி வீழ்ந்தபோது அக்கோட்டைக்கு உடையவர் இலராயினர். கொத்தளத்திற்கு உடையவர் எஞ்சினர். அந்நிலையில் பாளையந்தோறும் ஒரு தலைவர் இருந்தார். பாளையங்கள் அனைத்திற்கும் தலைவர் ஒருவர் இருந்திலர்.

நெற்கட்டுஞ்செவற் புலித்தேவர் மேலைப் பாளையங்களை ஒன்றுசேர்க்க முயன்றது இக்குறையை உணர்ந்தே எனலாம். திருவிதாங்கூரும் முதலில் அவருக்குத் துணை நின்றது. 1759இல் கும்பினியின் கமாண்டான் யூசுபுகான் (நாட்டார் பாடும் கான்சாகிபு இவரே) களக்காட்டுப் பகுதியை விட்டுக்கொடுத்துத் திருவிதாங்கூரைத் தம்பக்கம் ஈர்த்தார். பகைவரால் அறைபோகாமையைப் படைக்கு இலக்கணமாக 764ஆம் குறள் கூறுவதன் அருமை இங்கே விளங்கும். இருபடையும் கூடி வடகரைமேற் சென்றன; வடகரைப் பாளையக்காரர் கோட்டையை விட்டு நெற்கட்டுஞ்செவலை அடைந்தார். அவ்வாண்டின் இறுதியில் வாசுதேவநல்லூர் முற்றுகையில் யூசுபுகான் தோற்றுத் திரும்பினார். எனினும் 1761இல் அக்கோட்டையும் நெற்கட்டுஞ்செவலும் பனையூரும் வீழ்ந்தன. கூலிப்படை மூலப்படையை வென்றது. பீரங்கி ஒரு காரணம், ஐயமில்லை; ஆயின் 1759இலும் பீரங்கி இருந்தது.

அதே யூசுபுகான் 1763இல் நவாபையும் கும்பினியையும் எதிர்த்து மதுரைக் கோட்டையுள் நின்றபோது, அவருடைய கூலிப்படை முற்றுகையை நெடுங்காலம் தாங்கியது. முடிவில் கோட்டை தாக்குதலால் வீழவில்லை. அவருடன் இருந்தோரே அவரைப் பிணித்துப் பகைவரிடம் ஒப்படைத்தனர். 1764 அக்டோபர் 15இல் அவர் தூக்கிலிடப்பட்டார். தலைவன் பிடிபட்ட அளவில் படையின் எதிர்ப்பும் ஒழிந்தது. 770ஆம் குறளுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இனி அக்குறளுரைக்கு வருவோம். தலைவர் நிலைபெறாது நீங்கின், தம்மைக் காண்பார் இலரென்று வீரரும் பொராது நீங்குவர் என்பது பரிமேலழகர் தரும் விளக்கம். நுட்பமானதே; எனினும் தலைவனைச் சான்றாக நிற்கும் ஒருவன் அளவில் இது சுருக்கிவிடுகின்றது. வீரத்தைக் கண்டு பாராட்டுதல் தலைவன் தொழிலில் ஒரு கூறு. சிதறிய ஆற்றலை ஒரு கருத்தின்வழிச் செலுத்துதல் அதனினும் பெரிய கூறு. கூற்றமே எதிர்ப்பினும் கூடி எதிர்நிற்றலை 765ஆம் குறள் வேண்டுகின்றது. அக்கூடுதல் யாரால் நிகழும் என்னும் வினாவிற்கு விடையாகவே இறுதிக் குறள் நிற்கின்றது என்பது எம் துணிபு.

அற்றேல், தலைமக்கள் என்னும் பன்மை தலைவர் பலரை அன்றோ உணர்த்தும். அப்பலர் பாளையங்களில் இருந்தனரே எனின், பன்மை ஈண்டுப் படிநிலையைக் குறித்தது என்க. ஏனாதி முதலிய பட்டங்களை வேந்தன் வழங்கிய பழைய வழக்கும் தலைவர்க்குமேல் தலைவர் உண்மையைக் காட்டும். ஒருவர்கீழ் ஒருவராய் நில்லாத தலைவர் பலராயினும், முழுத் தானையை நோக்க அவர் தலைமக்கள் ஆகார். இது பழங்கதையும் அன்று. குடியரசுத் தலைவரை முப்படைக்கும் மேலான தலைவராகக் கொண்ட நம் நாட்டில், முப்படைகளையும் இணைத்து நிற்கப் பாதுகாப்புப் படைத் தலைவர் என்னும் பதவி வேண்டுமா என்பது நெடுங்காலம் வாதிக்கப்பட்டு, 2020 சனவரி முதல் நாளில்தான் முதல்வர் ஒருவர் அப்பதவியேற்றார்.

இவ்வாறு கூறுதலால் தொல்படையின் சிறப்பை யாம் மறுத்தோமல்லேம். 762ஆம் குறள் அதன் சிறப்பை வெற்றியில் வைக்கவில்லை. தான் சிறிதாகித் தொலைந்த இடத்தும் ஊறு அஞ்சாத வன்கண்மையில் வைத்தது. யூசுபுகான் மாண்டு மூன்றாண்டு கழித்து, 1767இல், வாசுதேவநல்லூர்க் கோட்டை கர்னல் டொனால்டு காம்பெலின் பீரங்கிகளை எதிர்த்து மீண்டும் நின்றது. மதில் உடைந்தபின், மழையிரவு ஒன்றில் உள்ளிருந்தோர் முற்றுகையை ஊடறுத்து மலைப்பக்கம் சென்றனர்.