மட்டக்களப்பை ஆண்டவர்கள் யார்?

கல்முனை வீதியில் உள்ள செட்டிபாளையம் 'மண்முனை தென் எருவில் பற்று' பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. படிவங்களில் நாளும் எழுதப்படும் இந்த நீண்ட பெயருக்குள் இரண்டு பழைய ஆட்சிப் பகுதிகள் இருக்கின்றன. மண்முனை ஒன்று, எருவில் மற்றொன்று. மட்டக்களப்பு வாவிக்கு அப்பால், அதன் மேற்குக் கரையான படுவான்கரையில் போரதீவும் பழுகாமமும், தெற்கே சம்மாந்துறையும் அவ்வாறே தலைவர்களின் கீழ் இருந்தவை.

அந்த ஆட்சியாளர்களைப் பற்றி விரிவாகப் பேசும் உள்ளூர் நூல், எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்'. கலிங்கத்து உலகநாச்சி புத்தரின் தசனத்தைக் கொண்டுவந்து நான்காம் நூற்றாண்டு இலங்கை மன்னன் மேகவர்ணனுக்குக் கொடுத்து, கைம்மாறாக மண்முனையைப் பெற்றாள், காடு வெட்டிக் குடியேற்றினாள் என்கிறது அது. இதே தசனத்தை ஹேமமாலை கூந்தலில் மறைத்துக் கொணர்ந்ததாகப் பாளி தாதாவம்சம் கூறும். ஆகவே இந்தக் கதையை வைத்து மண்முனை அரசுக்கு நான்காம் நூற்றாண்டு என்று ஆண்டு குறிப்பது சரியாகாது. ஆனால் ஒரு நாட்டின் தொடக்கத்தில் பெண் ஒருத்தியை நிறுத்தியதைத் தள்ளிவிட முடியாது. தாய்வழிக் குடிமுறை வேரூன்றிய மண் இது.

மான்மியம் பேசும் மற்றோர் அரசனான கலிங்க மாகனின் நிலை வேறு. 1215இல் அவன் பொலன்னறுவையைக் கைப்பற்றியதை அவனைக் கடுமையாக வெறுத்த சூளவம்சமே பதிவுசெய்கிறது. அந்நூலில் விகாரைகளை இடித்தவன், மான்மியத்தில் கோயில்களுக்கும் குடிகளுக்கும் ஒழுங்கு வகுத்த அரசன்.

மாகனுக்குப் பின் நாம் காண்பது முடிமன்னர்களை அல்ல, வன்னிமை, போடி எனப்பட்ட உள்ளூர்த் தலைவர்களை. தொலைவில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு: ஆறாம் நூற்றாண்டில் இத்தாலிக்குள் புகுந்த லொம்பார்டு இனத்தவரில் ஸ்பொலேத்தோ, பெனவெந்தோ கோமகன்கள் மன்னனைப் பெயரளவில் ஏற்று, தம் போக்கில் ஆண்டார்கள். கண்டி அரசனுக்கும் மட்டக்களப்புத் தலைவர்களுக்கும் இருந்த உறவும் ஏறத்தாழ இத்தகையதே. 1602இல் மட்டக்களப்பில் கரையிறங்கிய ஒல்லாந்தக் கடலோடி ஸ்பில்பேர்கன் இங்குள்ள தலைவனைச் சந்தித்தான். ஆனாலும் காரியம் முடிய அவன் கண்டிக்கே போக வேண்டியிருந்தது.

போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தாண்டில் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஒல்லாந்தருடன் செய்த 1766 உடன்படிக்கையோடு கரையோரம் முழுவதும் கண்டியின் கையை விட்டு அகன்றது.

ஆட்சி போனாலும் உரிமை முறை எளிதில் போகவில்லை. 1876இல் பிரிட்டோ வெளியிட்ட, இங்குள்ள முக்குவர் சமூகத்தின் சட்டம் பற்றிய நூல், தாய்வழிச் சொத்துரிமையைத் தனிச் சட்டமாகவே விளக்குகிறது. யாழ்ப்பாணத்துத் தேசவழமை இன்றும் சட்டமாக நிற்கிறது. முக்குவர் சட்டம் அந்த நிலையை இழந்துவிட்டது. ஆனால் உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்ற பெயர்கள் இன்றும் கோயில் திருவிழாப் பங்குகளில் ஒலிக்கின்றன. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரக் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பதவியும் குடிவழியோடு பிணைந்ததே.

மான்மியம் ஒன்றை மட்டும் வைத்து அரசர் பட்டியல் போடுவதை ஆய்வாளர்கள் இனியாவது நிறுத்த வேண்டும். கோயில்களிலும் பழைய வீடுகளிலும் கல்வெட்டு எனப்படும் பழைய ஏடு வைத்திருப்பவர்கள், அது செல்லரிக்கும் முன் ஒரு படியாவது எடுக்க இடம்கொடுங்கள்.