மறுமொழி கேட்கும் மேடை: மதுரை இசை நாடகத்திலும் திரைப்பாட்டிலும் பெண்

மதுரைச் சீமையில் ஆணும் பெண்ணும் ஒருவரைப் பற்றி ஒருவர் பாடிய பாடல்கள் இசை நாடக மேடையில் உருப்பெற்று, பேசும்படத்திற்குப் போய், திருவிழா ஒலிபெருக்கி வழியே மீண்டும் ஊருக்குள் வந்து சேர்ந்தவை. அவற்றுள் பல இன்றும் விரும்பிக் கேட்கப்படுகின்றன. ஆயினும் சில பாடல்கள் வந்ததும் கேட்போருள் ஒரு பகுதியினர், குறிப்பாக இளம்பெண்கள், முகம் சுளிக்கின்றனர். அவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம், அந்தக் காலம் அப்படி என்பதே. இது போதாது. ஒரே கவிஞர் எழுதி ஒரே பாடகர் பாடிய இரண்டு பாடல்களுள் ஒன்று பசுமை மாறாமல் நிற்க, மற்றொன்று கேட்கவே கூசுவதாகிவிடுகிறது என்றால், அதற்குக் காலத்தின் மீது மட்டும் பழி போட முடியாது. பாட்டின் கட்டமைப்பிலேயே ஏதோ வேறுபாடு இருந்தாக வேண்டும். அதை அளந்தறிவதற்கான கோல் இசை நாடக மரபுக்குள்ளேயே இருக்கிறது. அம்மரபு அதற்குத் தர்க்கம் என்று பெயர் வைத்திருக்கிறது.

ராஜபார்ட் எனப்படும் நாயகனும் ஸ்திரீபார்ட் எனப்படும் நாயகியும் நேருக்கு நேர் நின்று, பாட்டாலும் வசனத்தாலும் ஒருவர் கூற்றை ஒருவர் மறுத்துப் பேசும் பகுதியே தர்க்கம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்துச் சிறுவர்களைப் பழக்கியபோது, பெண் வேடத்தின் தர்க்கப் பாடல்களையும் ஆண்பிள்ளைகளே பாடினர். பின்னர் நடிகைகள் மேடைக்கு வந்து, 'ஸ்பெஷல் நாடகம்' என்ற முறை பரவியதும், தர்க்கத்தின் தன்மை மாறியது. ஸ்பெஷல் நாடகத்தில் குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவரும் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அழைக்கப்பட்டு, ஒத்திகை எதுவுமின்றி அன்றிரவு மேடையில்தான் ஒன்று சேர்கின்றனர். ஆகவே கதையின் முடிவு எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும், தர்க்கத்தில் யார் கை ஓங்கும் என்பது எவருக்கும் தெரியாது. ஸ்திரீபார்ட் நடிகை கல்வியும் குரல்வளமும் உள்ளவராக இருந்துவிட்டால், ராஜபார்ட் திணறுவதைக் கண்டு கூட்டம் கைதட்டும். பெண்ணின் பதிலைக் கேட்பதற்காகவே ஆயிரம் பேர் விடிய விடிய மணலில் உட்கார்ந்திருந்த ஒரு கலை இது என்பதைத் தமிழிசை வரலாறு போதிய அளவு பேசவில்லை.

வள்ளி திருமணம் இதற்குச் சிறந்த சான்று. தினைப்புனத்தில் பரண் மீது நின்று கவண் வீசிப் பறவை விரட்டும் வள்ளியிடம், வேடனாக வந்த முருகன் வழி கேட்கிறான், ஊர் கேட்கிறான், பேர் கேட்கிறான், பிறகு அவளையே கேட்கிறான். ஒவ்வொரு கேள்விக்கும் அவள் பதில் தருகிறாள், முன்பின் தெரியாத ஆடவன் காவலில் இருக்கும் பெண்ணிடம் பேச வந்ததே தவறு என்று இடித்துரைக்கிறாள், குலம் கேட்கிறாள், அவன் சொன்ன சொல்லையே திருப்பி அவன் மீது எறிகிறாள். 1920களின் பிற்பகுதியில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இணைந்து நடித்தபோது இந்தத் தர்க்கம் அடைந்த உயரத்தை முதியோர் பலர் கதையாகச் சொல்லிவந்தனர். ஆனால் இதே நாடகத்தில் வேடன் கிழவனாகி, கிழவனுக்கும் வள்ளி இணங்காதபோது, அண்ணன் விநாயகர் யானையாக வந்து அவளை மிரட்ட, அச்சத்தால் கிழவனைத் தழுவிக்கொண்டு அவனை மணக்க ஒப்புகிறாள். மறுமொழியால் வெல்ல முடியாதவளை அச்சத்தால் வெல்லும் இந்த இடம், புராண நம்பிக்கையுள்ள கேட்போருக்கும் இன்று உறுத்தலாகவே இருக்கிறது. தர்க்கப் பாட்டு மூப்படையவில்லை, யானைதான் மூப்படைந்துவிட்டது.

அல்லி கதையில் இந்த முரண் இன்னும் கூர்மையாகிறது. அல்லி மதுரையை ஆண்ட பெண்ணரசி என்பது கதை மரபு. ஆடவரை அண்டவிடாமல் ஆட்சி செய்தவள் என்று அல்லி அரசாணி மாலை என்னும் கதைப்பாடல் அவளைப் புகழ்கிறது. அத்தகையவளை அர்ச்சுனன் அடைந்த வழியோ, பாம்பு வடிவில் பள்ளியறை புகுந்து, உறங்கும்போது தாலி கட்டிவிடுவது. புதுமண்டபத்துக் கடைகளில் நெடுங்காலம் விற்பனையான பெரிய எழுத்துப் பதிப்புகளில் இதைப் படித்தவர்கள் அர்ச்சுனனின் சாமர்த்தியத்தை மெச்சினர். ஒப்புதலைப் பற்றிச் சட்டமும் குடும்பமும் பேசத் தொடங்கிய பிறகு, அதே பகுதி குற்றத்தின் விவரணையாகவே ஒலிக்கிறது. கோயில் மரபில் மீனாட்சியாகிய தடாதகைப் பிராட்டியார் திக்குவிசயம் செய்து எண்திசை வென்றதைச் சித்திரைத் திருவிழாவில் ஆண்டுதோறும் கொண்டாடும் ஊரில், அல்லியின் தோல்வியையும் ரசிக்க முடிந்தது ஆராயத்தக்கது.

பழையது என்பதாலேயே ஒன்று பிற்போக்காக இருந்துவிடுவதில்லை. மேடையில் வழங்கிய கோவலன் நாடகமும் அதற்கு மூலமான கோவலன் கதையும் மாதவியைப் பொருள் பறிக்கும் பரத்தையாக, கொடியவளாகச் சித்திரிக்கின்றன. அவற்றுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட சிலப்பதிகாரமோ அவளுக்குக் கடிதம் எழுதும் உரிமையைத் தந்து, துறவு பூணும் மாண்பையும் தந்தது. இளங்கோவின் மாதவி இன்றும் இளமையோடு இருக்கிறாள். ஸ்பெஷல் நாடக மாதவிக்கு வயது ஏறிவிட்டது. இளங்கோவின் மாதவி தன் பக்கத்தைத் தானே எடுத்துரைக்கிறாள், மேடை மாதவியைப் பற்றிப் பிறரே பேசுகின்றனர் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தெரியவில்லை.

பால் வேறுபாட்டை மேடை எப்போதும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்பதும் நினைவுகூரத்தக்கது. டி.கே. சண்முகம் அவ்வையாராக நடித்து அவ்வை சண்முகம் என்றே பெயர் பெற்றார். 1935இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்ச ரூபாய் ஊதியத்தில் நந்தனாராகவே நடித்தார். மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி 1941இல் 'சாவித்திரி' படத்தில் நாரதராகத் தோன்றினார். நாயகி பாவம், அதாவது பக்தன் தன்னைத் தலைவியாகக் கொண்டு இறைவனை நோக்கிப் பாடும் நிலை, ஆழ்வார் காலம் தொட்டு நம்மிடம் உள்ளது. மதுரை அனுப்பானடியில் பிறந்து, தஞ்சாவூர் கே.பி. கிட்டப்பா பிள்ளையிடம் பயின்ற திருநங்கை நர்த்தகி நடராஜ் அந்த நாயகி பாவத்தையே தம் பரதத்தின் உயிர்நிலையாக்கி, 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆண் புலவர் பெண்ணாக நின்று எழுதிய பதங்களை அவர் ஆடும்போது, அப்பாடல்கள் பல நூற்றாண்டுகளாகக் காத்திருந்த பொருளைப் பெறுகின்றன. இதே மரபில்தான் பபூன் வேடக்காரர்கள் பெண்மை கலந்த ஆடவரையும் திருநங்கைகளையும் கேலிப்பொருளாக்கிப் பாடியும் வந்தனர். திரைப்படமும் அதைத் தயக்கமின்றிக் கடன் வாங்கியது. அந்தக் கேலிக்கு இலக்கானவர் மேடையில் ஒரு சொல்லும் பேசியதில்லை. அப்பாடல்களைக் காப்பாற்ற முயல வேண்டியதில்லை.

திரைக்குப் போனபோது தர்க்கம் சுருங்கியது. மூன்றரை நிமிட இசைத்தட்டில் நாயகன் கேட்பதற்கே இடம் போதவில்லை. தொடக்கத்தில் வந்தவை தாசியிடம் மயங்கித் தெளியும் ஆடவனின் கதைகள். 1937இல் வெளிவந்து பெரும் வெற்றி கண்டு, மதுரையில் ஒரு திரையரங்கிற்கே பெயர் தந்த 'சிந்தாமணி'யும், 1944ஆம் ஆண்டின் 'ஹரிதாஸ்'உம் அவ்வகையின. அவற்றில் பெண் ஆசையின் உருவமாகவோ அறிவுரையின் வாயாகவோ வருகிறாள். பெண்ணை மாயை என்று இகழும் சித்தர் பாடல்களின் குரல் இவற்றோடு கலந்தது. மதுரையில் பிறந்த டி.எம். சௌந்தரராஜன் 1962இல் 'பட்டினத்தார்' படத்தில் தாமே அவ்வேடம் ஏற்றுப் பாடியதும், பின்னர் எண்ணற்ற சோகப் பாடல்களில் ஏமாற்றப்பட்ட ஆடவனின் குரலாக ஒலித்ததும், இகழ்ச்சிக்கு ஈடற்ற இசையழகைத் தந்துவிட்டன. குரலின் மேன்மையால் கருத்தின் குறை மறைந்து போகும் அபாயம் இங்கே மிகுதி.

அடுத்து வந்த அறிவுரைப் பாட்டே தமிழ்த் திரைக்குரிய தனி வகை. நாயகன் நவநாகரிக உடை அணிந்த பெண்ணைச் சுற்றிவந்து, பெண் என்பவள் எப்படி உடுத்த வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்று பாடம் நடத்துவான். 1967இல் வெளிவந்த 'விவசாயி' படத்தில் எம்.ஜி.ஆர். கே.ஆர். விஜயாவுக்கு நடத்தும் பாடம் இவ்வகைக்கு இலக்கணம் எனலாம். மதுரைக்கு மேற்கே சோழவந்தானைக் களமாகக் கொண்ட 'பட்டிக்காடா பட்டணமா' (1972) இதன் உச்சம். பி. மாதவன் இயக்கத்தில் சிவாஜி கணேசன் மூக்கையாவாகவும், ஜெயலலிதா வெளிநாட்டில் படித்த கல்பனாவாகவும் நடித்த அப்படம், சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதையும் பெற்றது. அடங்காத மனைவியை அடக்கும் கரு ஷேக்ஸ்பியரிடமும் உண்டு. ஆனால் இங்கே அது பட்டணத்துக்கு எதிரான கிராமத்தின் தன்மானமாக உருமாறியதால், மதுரை மக்கள் அதைத் தங்கள் வெற்றியாகவே கொண்டாடினர். கண்ணதாசனின் சொல்லும் எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் உறுமியின் முழக்கமும் அந்தப் பெருமிதத்திற்கு உண்மையான வடிவம் தந்தன என்பதை மறுக்கக் கூடாது. வைகைக் கரை ஊர்களின் திருவிழாக்களில் ராக்கம்மாவின் பேர் சொல்லும் அப்படத்துப் பாட்டுக்குக் கிழவர்களும் ஆடுவது அதன் தாளத்திற்காகவே. ஆனால் ஊரின் மானத்தைப் பெண்ணின் பணிவில் நிறுவிய கதை, ஊர்ப் பெண்களே படித்து வேலைக்குச் செல்லும் காலத்தில் தாக்குப்பிடிக்கவில்லை. உறுமி மட்டும் பிழைத்துக்கொண்டது.

இதற்கு மாறான போக்கும் அதே காலத்தில், அதே நட்சத்திரங்களின் படங்களிலேயே இருந்தது. 'நாடோடி மன்னன்' (1958) படத்தில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய உழவர் பாட்டில், விளைந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்பவள் பெண்; பானுமதி தம் சொந்தக் குரலில் அதைப் பாடுகிறார்; டி.எம்.எஸ். குரலில் நாயகன் பதில் சொல்லக் கடமைப்பட்டவனாக நிற்கிறான். இது தர்க்கத்தின் நேர் வாரிசு. அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அதில் ஒரு சொல்லும் பழுதாகவில்லை.

குரல் யாருடையது என்பதும் இங்கே முக்கியமாகிறது. பின்னணிப் பாடல் முறை வேரூன்றியதும், குடும்பப் பெண்ணுக்கு பி. சுசீலா, விருந்தில் ஆடும் பெண்ணுக்கு எல்.ஆர். ஈஸ்வரி என்று ஒரு பங்கீடு உருவானது. கற்பும் காமமும் இரண்டு தொண்டைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. 1968இல் 'பணமா பாசமா' படத்தில் இலந்தைப்பழம் விற்பவளுக்காகக் கண்ணதாசன் எழுதி ஈஸ்வரி பாடிய பாட்டை இரட்டைப் பொருள் என்று அன்று கண்டித்தவர் பலர். இன்று கேட்டால், வியாபாரம் அவளுடையது, பேச்சு அவளுடையது, சிரிப்பும் அவளுடையது என்பதே முன்னிற்கிறது. கண்டிக்கப்பட்ட பாட்டு நன்றாகவே இருக்க, அன்று யாரும் கண்டிக்காத அறிவுரைப் பாட்டுகளே இன்று கேட்க முடியாதவையாகிவிட்டன. ஆபாசம் எது என்பதில் அக்காலத்து விமரிசகர்கள் தவறான இடத்தையே நோக்கினர்.

பெண்ணைச் சூழ்ந்துகொண்டு பாடும் கேலிப் பாட்டைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. சென்னையில் ஒரு கல்லூரி மாணவி கேலிக்காரர்களால் உயிரிழந்ததைத் தொடர்ந்து 1998இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அதன்பின் அவ்வகைப் பாட்டுக்கு நியாயம் கற்பிக்க இயலாது. இவற்றுக்கு மாறாக, பெண்களே எழுதிய பாட்டுகள் குறைவாயினும் கவனத்திற்குரியவை. 'குடியிருந்த கோயில்' (1968) படத்தின் ஒரு காதல் பாட்டை எழுதியவர் ரோஷனாரா பேகம் என்பதை அறிந்தோர் சிலரே. 2001இல் 'மின்னலே' படத்துக்குத் தாமரை எழுதி பாம்பே ஜெயஸ்ரீ பாடிய பாட்டில், விருப்பத்தைச் சொல்லும் பெண் விருந்தில் ஆடுபவளாக இருக்க வேண்டிய கட்டாயம் நீங்கியது; குடும்பப் பெண்ணின் குரலும் ஆசையின் குரலும் மீண்டும் ஒன்றாயின.

பழைய பாட்டை என்ன செய்வது என்ற கேள்வி உலகெங்கும் எழுந்துள்ளது. ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் இசைக்குழு 1971ஆம் ஆண்டுத் தன் புகழ்பெற்ற பாடல் ஒன்றை 2021 சுற்றுப்பயணத்தில் பாடாமல் விட்டது. அதனினும் வலிய வழி அரேதா ஃபிராங்க்ளினுடையது: ஓட்டிஸ் ரெடிங் 1965இல் ஆணின் கோரிக்கையாகப் பாடிய 'ரெஸ்பெக்ட்' பாட்டை 1967இல் பெண்ணின் கோரிக்கையாக்கிப் பாடி, அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். திருமண வீட்டு நலுங்கில் மாப்பிள்ளையையும் சம்பந்தியையும் ஏசிப் பாடிய தமிழ்ப் பெண்களுக்கு இவ்வழி புதிதன்று.

இங்கே எந்தப் பாட்டு மேடையேறலாம் என்று தீர்மானிக்கும் பொறுப்பை நீதிமன்றம் ஏற்க நேர்ந்துள்ளது. திருவிழா ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கோரும் மனுக்கள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வரும்போதெல்லாம், ஆபாச நடனமும் இரட்டைப் பொருள் பாட்டும் கூடாது என்ற நிபந்தனை விதிக்கப்படுகிறது. அந்நிபந்தனை தேவையானதே, ஆனால் அது சொல்லையும் உடையையும் மட்டுமே அளக்கிறது. ஒரு பெண்ணை ஒரு மணி நேரம் வாய் திறக்கவிடாமல் புகழ்ந்தோ இகழ்ந்தோ பாடும் பாட்டு, ஒரு கெட்ட சொல்லும் இல்லாமல் அந்த அளவையைத் தாண்டிவிடும்.

கோயில் விழாக் குழுவினர் இன்றும் வள்ளி திருமணம் நாடகத்தை விரும்பி அழைக்கின்றனர். நேரம் போதவில்லை என்றால் முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் தர்க்கம்தான். சினிமாப் பாட்டும் பபூன் காமிக்கும் தப்பிவிடுகின்றன. இவ்வழக்கம் மாற வேண்டும். வெட்டத்தான் வேண்டுமென்றால் யானையை வெட்டலாம். வள்ளி பேசி முடிக்கும் வரை ஆர்மோனியம் நிற்கக் கூடாது.