தொப்புள்கொடியும் பாடும்

ஈழ அகதிகளைப் பற்றிப் பேசுகிற நம்மவர்களிடம் ஒரு சொல் தயாராக இருக்கிறது: தொப்புள்கொடி உறவு. மேடையிலும் கவிதையிலும் அது படாத பாடு படுகிறது. மொழி ஒன்றாக இருந்தால் வந்தவர்கள் தானாகவே நம்மோடு கலந்துவிடுவார்கள் என்கிற நம்பிக்கை அதற்குள் ஒளிந்திருக்கிறது. பழவேற்காடு ஏரிக்கரையில் வளர்ந்த எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

எங்கள் ஏரியில் 'பாடு' என்றால் வலை கட்டும் இடம், அதற்கான முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஊர்களின் பட்டினவர்கள் சீட்டுப் போட்டு அதைப் பிரித்துக்கொள்வது வழக்கம். பாடு வேண்டுமென்றால் அந்தச் சாதியில், அந்தத் தலைக்கட்டில் பிறந்திருக்கணும். அதே கரையில் அதே தமிழ் பேசும் இருளர்கள் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். தலித்துகளும் பாட்டுக்கு வெளியேதான். உள்ளூர்க்காரனுக்கே பாடு இல்லாத ஏரியில, கடல் தாண்டி வந்தவனுக்கு மொழி மட்டும் என்னத்தக் கிழிச்சிடும்?

ஏரிக்கு மேற்கே கும்மிடிப்பூண்டியில் 1990-லிருந்து அகதி முகாம் இருக்கிறது. 1983-க்குப் பிறகு 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். பலருக்கு இது வழியில் தங்கிய ஊர்தான். வெளிநாட்டில் சொந்தக்காரரும் ஏஜெண்டுக்குக் கொடுக்கக் காசும் இருந்தவர்கள் டொராண்டோ, பாரிஸ் என்று போய்ச் சேர்ந்தார்கள். அந்த உறவு வலையும் சாதியாலும் சொத்தாலும் பின்னியதுதான். சாதி கடல் தாண்டியும் உயிரோடு இருப்பதைப் 'பஞ்சமர்' எழுதி நமக்குக் காட்டிய கே. டானியல், 1986-ல் தஞ்சாவூரில் இறந்தார்.

வலை எட்டாதவர்கள் முகாமிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களில் சுமார் 30,000 பேர் மலையக வம்சாவளியினர் என்கிறார்கள். தேயிலைத் தோட்டக் கூலிகளாக இங்கிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகள். அவர்களில் தலித்துகளே அதிகம். மெய்யான தொப்புள்கொடி இவர்களுடையது. 1964-ல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இவர்களை ஆடுமாடு போலப் பங்கு பிரித்தது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இடமில்லை. 2021-ல் தமிழக அரசு முகாமின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாறிச்சு.

புலம்பெயர் இலக்கியம் என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் போய்ச் சேர்ந்தவர்களின் எழுத்து. முகாம் வாழ்க்கையிலிருந்து வந்த தொ. பத்தினாதனின் 'போரின் மறுபக்கம்' (2007) போன்றவற்றை நம் விமர்சகர்கள் ஓரமாகத்தான் வைத்திருக்கிறார்கள். அனுதாபப்பட அகதி வேண்டும். அவர் எழுதினால் வாசிக்க நேரமில்லை.

கலப்பு நடக்காமல் இல்லை. காலையில் பெயிண்ட் வேலைக்குக் கூலியாக நிற்கிற இடத்தில் முகாம்காரரும் சேரிக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒரே வாளி, ஒரே டீ. ஆனால் சாயங்காலம் ஒருவர் தன் வீட்டுக்குப் போகிறார், மற்றவர் போலீஸ் கணக்கெடுக்கிற முகாமுக்குப் போகிறார். இந்த உறவைப் பற்றிக் கதை எழுதத்தான் ஆளில்லை.

எழுதப்போகிற தோழர்களிடம் நான் கேட்பது இதுதான். தொப்புள்கொடி என்று எழுதுமுன் ஏரிக்கரைக் கேள்வியைக் கேளுங்கள்: வந்தவருக்குப் பாட்டில் பங்கு உண்டா? பக்கத்துச் சேரிக்கு உண்டா?