கூடத்தைக் காட்டுகிறார்கள், களத்தைக் காட்டுவதில்லை

காவிரிப் பாசனப் பகுதியில் பழைய பண்ணை வீடுகளுக்கு இப்போது நல்ல காலம். ஓடு மாற்றி, தூண்களுக்கு எண்ணெய் பூசி, முற்றத்தில் கோலம் போட்டு, ‘கிராமத்து வாழ்க்கை’ பார்க்க வாருங்கள் என்று அழைக்கிறார்கள். இதைப் பற்றி ஒரு வார்த்தை கேள்வி கேட்டால் போதும், பதில் தயாராக இருக்கிறது: “நாங்கள் மட்டும் இல்லையென்றால் இந்த வீடு எப்போதோ இடிந்து, நிலைவாசலும் தேக்கு உத்தரமும் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போயிருக்கும். வீட்டைக் காப்பாற்றினால் மரபைக் காப்பாற்றியதாக ஆகாதா?”

பதிலின் முதல் பாதி உண்மை. முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, பிரித்துக்கொண்டுவந்த வீடுகளை மறுபடி எழுப்பி நிறுத்தியிருக்காவிட்டால், தஞ்சைப் பக்கத்து உழவர் வீட்டின் திண்ணை எப்படி இருக்கும் என்று சென்னைப் பிள்ளைகளுக்குப் படத்தில்தான் காட்டியிருக்க முடியும். ஸ்ரீரங்கம் கோயிலிலும் பிற்காலத்தில் ஒட்டவைத்த கட்டுமானங்களை அகற்றிப் பழையபடி சீர்செய்தார்கள். அந்தப் பணிக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது, தகுதியான விருதுதான். சுண்ணாம்புக் காரையும் செங்கல்லும் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன என்பதே பெரிய ஆறுதல். இதற்கெல்லாம் நன்றி சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இரண்டாவது பாதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதுதான், மறுபடியும் சொல்கிறேன். பண்ணை வீடு என்பது தனியாக நின்ற வீடு கிடையாது. கூடம், ரேழி, இரண்டாம் கட்டு, கொல்லை, மாட்டுக் கொட்டில், அதற்கப்பால் களத்துமேடு, வாய்க்கால் தாண்டிச் சேரி. இத்தனையும் சேர்ந்ததுதான் பண்ணை. நமக்குக் காட்டப்படுவது கூடத்தோடு நின்றுவிடுகிறது. ஊஞ்சலில் உட்காரச் சொல்கிறார்கள், பல்லாங்குழி தருகிறார்கள், மாட்டு வண்டியில் ஒரு சுற்று, வாழை இலையில் சாப்பாடு. பத்தாயத்தைத் தொட்டுப் பார்க்கலாம். அந்தப் பத்தாயத்தில் நெல் வந்து விழுந்த வழியை மட்டும் யாரும் சொல்வதில்லை.

வரும் குடும்பங்களை வயலில் இறக்கி ‘நடவு அனுபவம்’ தரும் இடங்கள் உண்டு. பத்து நாற்று நட்டு, படம் எடுத்துக்கொண்டு, கால் கழுவிக் கரையேறுகிறார்கள். நடவு என்பது ஒரு பெண் காலை முதல் மாலை வரை முதுகு நிமிராமல், சேற்றுக்குள் பின்னோக்கி நடந்துகொண்டே செய்யும் வேலை. அடுத்த நாளும் அதேதான். பத்து நிமிடத்தில் அதைக் காட்டிவிட்டதாக நினைப்பது தெரியாமல் நடக்கும் பிழை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கூலி என்ன, அளந்தது யார், எந்த மரக்காலில் என்று ஒரு வாக்கியம்கூடச் சேர்க்காமல் காட்டுவது தெரிந்தே செய்யும் மறைப்பு. கூலி நெல்லைச் சரியான மரக்காலில் அளக்க வேண்டும் என்பதே 1940-களில் கீழத்தஞ்சைப் பண்ணையாட்கள் போராடிக் கேட்ட கோரிக்கைகளில் ஒன்று. சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்பது இன்னொன்று. சுற்றுலா வீட்டின் கொட்டிலில் இன்று கன்றுக்குட்டியோடு குழந்தைகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கொட்டிலின் சாணத்தைக் கரைத்து ஒரு மனிதன் வாயில் ஊற்றிய காலமும் இந்த மண்ணின் மரபில்தான் இருந்தது.

“அது தஞ்சைக் கதை, திருச்சியில் அப்படியில்லை” என்பார்கள். பண்ணையாட்களை நினைத்த நேரத்தில் வெளியேற்றுவதைத் தடுக்க 1952-இல் வந்த சட்டம் தஞ்சைக்கானது, சரி. ஆனால் 1958-இல் திருச்சிராப்பள்ளிக் கையேறுவாரம், மாட்டுவாரச் சட்டம் என்று இந்த மாவட்டத்தின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்ததே, அது யாருக்காக? விளைச்சலில் பங்கு என்று சொல்லி உழைக்க வைக்கப்பட்டவர்கள் லால்குடியிலும் குளித்தலையிலும் முசிறியிலும் இல்லாமலா சட்டசபை உட்கார்ந்து அதை எழுதியது? ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் நிற்கும் வட்டமான செங்கல் நெற்களஞ்சியங்களைப் பாருங்கள். உயரத்தைப் பார்த்து வியக்கிறோம். அந்தக் களஞ்சியங்கள் நிறையும் அளவுக்கு விளைவித்தவர்களில் எத்தனை பேருக்குப் பல தலைமுறையாக அந்தக் கோயில் வாசலைத் தாண்ட உரிமை இல்லாமல் இருந்தது என்பதையும் அதே இடத்தில் நின்று சொல்ல வேண்டாமா? ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல். ரொம்பப் பழைய கதை ஒன்றுமில்லை.

பழைய கசப்பைக் கிளறினால் யார் காசு கொடுத்து வருவார்கள் என்று கேட்பவர்களுக்கு: வருகிறார்கள். அமெரிக்காவின் லூசியானாவில் விட்னி பண்ணை 2014-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. எசமானர் மாளிகையை விட அங்கே அடிமைகளாக இருந்தவர்களின் வாழ்க்கைக்கே முதலிடம். உலகின் மிகப் பழைய திறந்தவெளி அருங்காட்சியகங்களில் ஒன்றான ஸ்டாக்ஹோம் ஸ்கான்சன் (1891), பண்ணைக் கூலிகளின் குடியிருப்பையும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. நம் ஊரில்தான் மிராசுதாரின் ஊஞ்சலோடு ‘கிராம மரபு’ முடிந்துபோகிறது. இதை மரபுப் பாதுகாப்பு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. நில உடைமையாளரின் குடும்பப் பெருமைக்கு வெள்ளையடிக்கும் வேலை இது.

பண்ணை வீடு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1950-களில் அந்தக் களத்தில் கதிர் அடித்தவர்கள், கொல்லை வாசலில் நின்று கூலி வாங்கியவர்கள் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார்கள். உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் அவர்கள் இருப்பார்கள். அடுத்த தூணுக்கு எண்ணெய் பூசுவதற்கு முன் அவர்களிடம் போய்ப் பேசிப் பதிவு செய்யுங்கள், அவர்கள் சம்மதத்தோடு அந்தக் குரலைக் கூடத்திலேயே ஒலிக்க விடுங்கள். பார்க்கப் போகிற நாமும் சாப்பாட்டுக்கு உட்காரும் முன் ஒன்றைக் கேட்போம்: இந்த வீட்டு வயலில் நட்டவர்கள் எங்கே குடியிருந்தார்கள், அந்த இடத்தையும் காட்டுவீர்களா?