சிரக்கூசு நாணயத்திற் கிமோனின் கைத்திறன்

கி. மு. 400 ஆம் ஆண்டையொட்டிச் சிசிலித் தீவின் சிரக்கூசு நகரில் வெள்ளி நாணயங்களுக்கு அச்சு வெட்டிய கலைஞர் சிலர், தம் பெயரையும் அவற்றிற் பொறித்தனர். அவருள் எவைனெற்றோஸ் பத்துத் திரக்மா நாணயத்தில் அமைத்த பக்கவாட்டு முகத்தைக் கார்த்தேச்சினரும் பின்பற்றினமையால், முதலிடம் அவருக்கே உரியதெனத் தோன்றலாம். யாம் அதற்கு உடன்படோம்.

கிமோனின் நான்கு திரக்மா நாணயத்தில் நீரூற்றுத் தேவியாகிய அரெதூசா நம்மை நேர்நோக்குகின்றாள். அலையுங் கூந்தலே நீராக, அதனிடையே ஓங்கில்கள் நீந்துகின்றன. கலைஞரின் பெயரோ அவள் தலைப்பட்டியில்! நேர்முகத்தில் மூக்கு மேலெழுந்து நிற்றலின், கைமாறுந்தோறும் அதுவே முதலில் தேயும். நாணயத்துக்கு இது குறையே. ஆயினும் தேயாத படியொன்றைக் காண்பார்க்கு, சற்றே விரிந்த இதழ்களில் உயிர்ப்புப் புலனாகும். எவைனெற்றோசின் அழகிய முகத்தில் இஃதில்லை. தெசலி நாட்டு லாரிசா நகரத்தாரும் தம் நாணயத்துக்குக் கிமோனின் நேர்முகத்தையே தழுவினர்.