காத்திருப்பு எனும் கருவறை

பிள்ளைப்பேறு வாய்க்காத தம்பதியர் கடல் கடந்து சென்று ஒரு குழந்தையைத் தத்தெடுக்கும் கதைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைகின்றன. ஏங்கும் உள்ளம், அனாதை இல்லத்துத் தொட்டில், நீளும் பிஞ்சுக் கை, ஆனந்தக் கண்ணீர், புறப்படும் விமானம் என்று அவை முடிந்துவிடும். பிரெஞ்சு இயக்குநர் பெர்த்ரான் தவெர்னியே 2004ஆம் ஆண்டில் அளித்த 'ஹோலி லோலா' என்னும் திரைப்படம் இவ்வார்ப்பைப் பெருமளவு உடைத்தெறிந்தது. அதனாலேயே, இருபது ஆண்டுகள் கடந்த பின்னும் அது நம் சிந்தனைக்குரியதாக இருக்கிறது. திரைக்கதையைத் தம் மகள் திபனி தவெர்னியே, தொமினிக் சம்பியேரோ ஆகிய இருவருடன் சேர்ந்து அவர் எழுதினார்.

கதை எளியது. பிரான்சின் ஒவேர்ஞ் பகுதியில் மருத்துவராகப் பணியாற்றும் பியேரும் அவர் மனைவி ஜெரால்தீனும் குழந்தை ஒன்றைத் தத்தெடுக்கக் கம்போடியத் தலைநகர் புனோம் பென்னுக்கு வருகிறார்கள். அவர்கள் தங்கும் விடுதியில் இதே நோக்கத்துடன் வந்த வேறு பிரெஞ்சுத் தம்பதியரும் இருக்கிறார்கள். ஒவ்வோர் அனாதை இல்லமாக ஏறி இறங்குவதும், அலுவலகம் அலுவலகமாக அலைவதும், முத்திரைகளுக்கும் கையெழுத்துகளுக்கும் காத்துக்கிடப்பதும் அவர்களது அன்றாடப் பிழைப்பாகிவிடுகின்றன. கையூட்டு கேட்போர் ஒருபுறம், டாலர்களால் வழியைச் சுருக்கிக்கொள்ளும் அமெரிக்கர் மறுபுறம். இறுதியில் லோலா என்ற பெண்குழந்தை அவர்கள் கைக்கு வருகிறாள்.

படத்தின் முதற்சிறப்பு, காத்திருப்பை அது கதையின் உடலாகவே ஆக்கிக்கொண்டிருப்பதாகும். பேறுகாலத் தாய்க்குப் பத்து மாதங்கள் உண்டு. அவள் உடலே அவளை ஆயத்தப்படுத்துகிறது. தத்தெடுக்கும் தாய்க்கு அத்தகைய கால அளவு இல்லை, வளரும் வயிறும் இல்லை; கையில் இருப்பவை கோப்புகளே. அந்தக் கோப்புகளைச் சுமந்து திரியும் நாள்களில்தான் பியேரும் ஜெரால்தீனும் பெற்றோராக உருவாகிறார்கள். காம்ப்ளேன், இசபெல் காரே ஆகிய இருவரின் நடிப்பும் இதை மிகையின்றி உணர்த்துகிறது. அவர்களிடையே பூசல் எழுகிறது; அவர்களது மணவாழ்வே ஆட்டங்காண்கிறது. விடுதித் தோழர்களுக்கு முதலில் குழந்தை கிடைத்துவிட்டால் மனத்தில் மகிழ்ச்சியுடன் பொறாமையும் கலக்கிறது. நல்லோர் உள்ளத்திலும் இத்தகைய இருள் உண்டென்று காட்டத் தயங்காத நேர்மை போற்றுதற்குரியது.

இரண்டாவது சிறப்பு, கம்போடியாவை அழகிய பின்னணித் திரையாக மட்டும் அது பயன்படுத்தாமை. 1975 முதல் 1979 வரை நீடித்த கெமர் ரூஜ் கொடுங்கோலாட்சி குடும்பங்களைக் குலைத்தது. அதன் பின்னரும் போர் ஓயவில்லை. அத்தேசத்து வறுமையின் வேர் அங்கிருக்கிறது. வறிய தாயரிடம் சிறு தொகையைக் கொடுத்துப் பெற்ற குழந்தைகள் தாள்களில் 'அனாதைகள்' எனப் பதியப்படுவதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தமையால், 2001 டிசம்பரில் அமெரிக்க அரசு கம்போடியத் தத்தெடுப்புகளை நிறுத்திவைத்தது. இப்படம் வெளியான அதே 2004இல், கம்போடியக் குழந்தைகளுக்கு விசா பெற்றுத் தந்ததில் நிகழ்ந்த மோசடிக்காகத் தத்தெடுப்பு இடையாளர் ஒருவர் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தவெர்னியே அன்று காட்டிய ஐயம் கற்பனையன்று.

எனினும், படைப்பின் குறையும் இங்குதான் தொடங்குகிறது. படம் ஏறத்தாழ முழுவதும் பிரெஞ்சுத் தம்பதியரின் கண்வழியே நகர்கிறது. லோலாவைப் பெற்றெடுத்தவள் நம் முன் ஒரு கதைமாந்தராக உருக்கொள்வதில்லை. அவள் யார்? ஏன் பிரிந்தாள்? மனமுவந்து கொடுத்தாளா, ஏமாற்றப்பட்டாளா? அதிகாரிகளின் ஊழலைத் துணிவுடன் காட்டும் படம், இக்கேள்விகளின் அருகில் வந்து நின்றுவிடுகிறது. நம் நாட்டுப் பார்வையாளர் 2002இல் கண்ட 'கன்னத்தில் முத்தமிட்டால்' இதற்கு நேர்மாறான திசையில் பயணம் செய்தது. அங்கே கடல் கடப்பது பெற்றோரின் ஏக்கத்தினால் அன்று, பெற்றவளைத் தேடும் சிறுமியின் கேள்வியினால். அப்படத்திலும் மிகையுணர்ச்சி உண்டு. ஆயினும் பெற்றவளுக்கு ஒரு முகத்தையும் குரலையும் அளித்ததில் அது 'ஹோலி லோலா'வை விஞ்சிவிடுகிறது.

மற்றொரு குறை, குழந்தை கைக்கு வந்த பின் உள்ள நாள்களைப் பற்றியது. காத்திருப்பிற்கு இத்துணை இடமளித்த படம், பிணைப்பு முளைவிடும் முதல் நாள்களை விரைந்து கடக்கிறது. உண்மையில் அந்நாள்கள் இனியவையாகவே அமையும் என்பதற்கில்லை. குழந்தையின் நிலையிலிருந்து எண்ணிப்பாருங்கள். பழகிய மடி, பாலின் சுவை, காதில் விழுந்த மொழி, படுக்கையின் மணம் யாவும் ஒரே நாளில் மறைந்துபோகின்றன. புதிய முகங்கள் அவளுக்கு மீட்பர்கள் அல்லர், அந்நியர்கள். சில குழந்தைகள் ஓயாது அழும். சில உண்ண மறுக்கும். சில பெற்றோருள் ஒருவரை மட்டும் பற்றிக்கொண்டு மற்றவரை விலக்கும். சில அழவே அழா. அதைக் கண்டு, 'எவ்வளவு நல்ல குழந்தை!' என்று மகிழ்வோர் உண்டு. அழுதால் எவரும் வருவதில்லை என்று தொட்டிலிலேயே கற்றுக்கொண்டதன் விளைவாகவும் அந்த அமைதி இருக்கலாம்.

அக்குழந்தையின் அழுகை ஒரு துக்க அனுசரிப்பு. அதை அடக்குவது பெற்றோரின் கடமையன்று, அருகிருந்து தாங்குவதே கடமை. ஆகவேதான், இத்துறையில் அனுபவமுடையோர் குழந்தை பழகிய துணியைத் துவைக்காமல் உடன்வைக்கவும், உணவை உடனே மாற்றாதிருக்கவும், தொடக்க வாரங்களில் ஊட்டுவதையும் தூங்கவைப்பதையும் பெற்றோரே செய்யவும் அறிவுறுத்துகின்றனர். பிணைப்பு கண்டதும் மின்னலென வருவதன்று. பசித்தபோதெல்லாம் அதே கை வந்தது என்ற நம்பிக்கை நூறுமுறை உறுதிப்பட்ட பின் வருவது. 1989க்குப் பின் ருமேனிய அனாதை இல்லங்களிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற குழந்தைகளை மைக்கேல் ரட்டர் குழுவினர் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். ஆறு மாதத்திற்குள் இல்லத்தை விட்டகன்றவர்கள் பெரும்பாலும் நன்கு தேறினர். அதற்கு மேலும் அங்கே கிடந்தவர் பலரிடம் வடுக்கள் நீடித்தன. காலம் இத்துணை முக்கியம் என்பதால், விடுதியில் வீணாகும் ஒவ்வொரு வாரமும் பெற்றோருக்கு மட்டுமன்றிக் குழந்தைக்கும் இழப்பே. அதற்காகச் சரிபார்க்காமல் விரைந்தாலோ, மற்றொரு தாய் தன் பிள்ளையை இழக்கிறாள். இந்த இருதலைக் கொள்ளியைப் படம் இன்னும் கூர்மையாக்கியிருக்கலாம்.

இச்சிக்கலை உலகம் அறியாமலில்லை. 1993இல் உருவான ஹேக் உடன்படிக்கை, குழந்தையைச் சொந்தக் குடும்பத்தில் வளரவைக்கும் முயற்சிக்கே முதலிடம் தருகிறது. தாய்நாட்டிலேயே தகுந்த குடும்பம் கிடைக்காதபோதே பிறநாட்டுப் பெற்றோரை நாடவேண்டும் என்பது அதன் நெறி. கம்போடியாவும் 2007இல் அதில் இணைந்தது. 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறநாடுகளுக்கு அனுப்பிய சீனா, உறவினர் தத்தெடுக்கும் சில நேர்வுகள் நீங்கலாக, 2024இல் அவ்வழியை மூடிவிட்டது. தென்கொரியாவில், பெற்றோர் உள்ள குழந்தைகளையும் அனாதைகள் எனப் பொய்யாகப் பதிந்து அனுப்பியதை அந்நாட்டு உண்மையறியும் ஆணையம் 2025 மார்ச்சில் வெளிப்படுத்தியது. இவற்றை அறிந்த கண்களுடன் இன்று 'ஹோலி லோலா'வைக் காண்போர், பியேர், ஜெரால்தீன் இருவரின் ஏக்கத்திற்கு இரங்குவர். கூடவே லோலாவின் கோப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லும் மெய்தானா என்றும் கேட்பர். அவ்விரு உணர்வுகளையும் ஒருங்கே தாங்கும் ஆற்றல் இப்படத்திற்கு உண்டு என்பதே அதன் பெருமை.

தலைப்பில் நிற்கும் 'ஹோலி' என்ற சொல் 'புனித' என்று பொருள்படும். எது இங்கே புனிதம்? தம்பதியரின் ஆசை அன்று. ஆசை தூயதாயினும் பிறர் கண்ணீரை மிதிக்கக்கூடும். முத்திரையிட்ட தாளும் அன்று. புதிதாய் வந்த இருவரின் கையில் விழித்துக்கொண்டு, இவர்களை நம்பலாமா என்று தன் அழுகையால் கேட்கும் அந்தச் சிறு உயிரே புனிதம். அவளை அள்ளிக்கொள்பவர்கள் அவளுடைய முன்கதையையும் சேர்த்தே அள்ளிக்கொள்ள வேண்டும். விமானம் ஏறியதும் பெற்றோரின் காத்திருப்பு முடிகிறது. தன்னைப் பற்றிய முழு உண்மைக்கான லோலாவின் காத்திருப்போ அங்கேதான் தொடங்குகிறது.